வாசலிலேயே இருந்த கோயில்

கோட்டை வாசலை நாங்கள் ஆட்டோவில் கடந்தோம். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. காவலுக்கு நின்ற ராணுவ வீரர் குனிந்து எங்கள் முகத்தைப் பார்த்தார், ஓட்டுநரைப் பார்த்தார், போங்க என்று கையைக் காட்டினார். உள்ளே நுழைந்ததும் மர நிழலில் புள்ளிமான்கள் சாவகாசமாகப் படுத்திருந்தன. "அய்யோ, மான்!" என்று தோழி போனை எடுத்தாள். அவள் மானைப் படம் பிடிக்க, நான் அவளைக் கிண்டல் பண்ண, வாசல் எங்களுக்குப் பின்னால் போய்விட்டது. இரண்டு பேருமே அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த அரை நிமிஷத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் இருவரும் புதுக்கோட்டைக்காரர்கள். ஆறு நாள் லீவு, முதல் வெளிநாட்டுப் பயணம். "இலங்கையெல்லாம் ஒரு வெளிநாடா?" என்று வீட்டில் சிரித்தார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது, அதனால் வெளிநாடுதான். கொழும்பில் ராத்திரி ரயில் ஏறிய ஸ்டேஷனுக்குப் பேரே "கோட்டை". சுற்றிச் சுற்றிப் பார்த்தும் கோட்டையைக் காணோம். மதிலை ஆங்கிலேயர்களே 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள், பேர் மட்டும் மிச்சம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். திருகோணமலையில் இதற்கு நேர் எதிர். கோட்டை முழுசாக நிற்கிறது. ஆனால் கோட்டைக்குப் போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. "கோயிலுக்குப் போறோம்" என்றுதான் சொல்கிறார்கள். ஃபிரெட்ரிக் கோட்டை என்ற பேர் சுற்றுலா வரைபடத்தில்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் மாசம். கச்சான் காற்று வீசுது என்றார் ஓட்டுநர். அங்கே நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பேர் என்பதால், எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. மேற்கிலிருந்து காய்ந்து வரும் அந்தக் காற்றில் மழையின் ஈரமே கிடையாது. ஆட்டோவை ஓரிடத்தில் நிறுத்தி, "இனி நடந்துதான் போகோணும், பிள்ளையள்" என்றார். சரிவான பாதை. இரண்டு பக்கமும் கடைகள்: மாலை, தேங்காய், சங்கு, கச்சான், பிளாஸ்டிக் வில் அம்பு. பெரிய ஏற்றமில்லை. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு வெயில் காய்ந்த கல்லில் கால் வைத்தபோது துள்ளித்தான் போனோம்.

உச்சியில் கோணேசர் கோயில். அதன் பக்கத்தில் மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. முந்நூறு அடிக்கும் கீழே கடல், அவ்வளவு ஆழத்திலும் பச்சையாக, தெளிவாக. பாறையை மேலிருந்து கீழ்வரை பிளந்தமாதிரி ஒரு வெடிப்பு உண்டு. ராவணன் வாளால் வெட்டியது என்று ஐதீகம், அதனால் ராவணன் வெட்டு. விளிம்பில் நிற்கும் மரத்தில் குழந்தை வரம் கேட்டுக் கட்டிய குட்டித் தொட்டில்கள் காற்றில் ஆடின. நம்ம ஊரில் அரசமரத்தில் கட்டுவதேதான், இங்கே கீழே பாதாளம். கோயில் கோபுரமும் மண்டபமும் புதுசாக இருந்தன. இப்போதுள்ள கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல். எங்க அப்பாவைவிட ரெண்டு வயசுதான் கூட. தேவாரம் பாடப்பட்ட தலம், ஆயிரம் வருஷக் கோயில் என்று நினைத்துப் போன எங்களுக்குச் சின்ன ஏமாற்றம். அதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. நிறையப் படம் எடுத்தோம், இறங்கினோம்.

ஓட்டுநர்தான் கேட்டார்: "வாசல்ல மீன் பார்த்தீங்களோ?"

"மான்தான் பார்த்தோம்."

அவர் சிரிக்கவில்லை. "பழைய கோயிலைப் பார்க்க மேல போகத் தேவையில்ல. அது வாசல்லதான் இருக்கு. கோயில உடைச்சுத்தானே கோட்டை கட்டினவங்கள். நீங்க கோயிலுக்கு உள்ளாலதான் கோயிலுக்குப் போனீங்க."

அன்று ராத்திரி விடுதியில் உட்கார்ந்து, கையிலிருந்த புத்தகங்களையும் போனையும் வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். முதலில் வந்து மாட்டியது எங்க ஊர்.

கோட்டையின் நுழைவாயில் நிலைக்கல்லில் இரட்டை மீன் செதுக்கப்பட்டிருக்கிறது. பாண்டியரின் கயல். 1260களில் சடையவர்மன் வீரபாண்டியன் இலங்கைமேல் படையெடுத்தான். கோணமலையிலும் திரிகூடகிரியிலும் தன் கயல் சின்னத்தைப் பொறித்ததாக அவன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. அந்த மெய்க்கீர்த்தி இருக்கும் இடம் குடுமியான்மலை. புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இசைக் கல்வெட்டைப் பார்ப்பதற்காகக் கல்லூரியில் எங்களைக் கூட்டிப்போன அதே குடுமியான்மலை. அன்றைக்கும் இந்தக் கல்வெட்டை நான் கடந்துதான் போயிருப்பேன், வாசலில் செய்த மாதிரியே.

ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. நம்ம ஊர்க் கல்லில் எழுதியிருக்கும் மீன், கடல் தாண்டி இங்கே ஒரு வாசலில்! பிறகு மெய்க்கீர்த்தியின் மிச்சத்தைப் படித்தேன். அரசனைக் கொன்றது, யானைகளையும் செல்வத்தையும் எடுத்துக்கொண்டது, வட இலங்கையை ஆண்ட சாவகனின் மகன் பணிந்து திறை கொடுத்தது. ஆக அந்த மீன், பக்தியில் போட்ட கோலமில்லை. இது என் மலை என்று ஜெயித்தவன் குத்திய முத்திரை. அவனுக்கு முன்னே சோழர்களும் வந்தார்கள். ஊருக்கு வடக்கே நிலாவெளியில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, கோணமலைக் கோயிலுக்கு நிலம் விட்டதைச் சொல்கிறது. அந்த நிலத்தில் யார் இருந்தார்கள் என்பதை அது சொல்லாது. கோட்டைக்குள்ளேயே ஒரு கதவு நிலைக்கல்லில் கிரந்த எழுத்தில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சக ஆண்டு 1145, அதாவது கி.பி. 1223. சோடகங்கன் என்ற ஒருவன் இலங்கைக்கு வந்த செய்தி அதில் இருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் கதை வேறு பக்கம் திரும்பும். மகாவம்சம் இந்த ஊரைக் கோகண்ண என்று சொல்கிறது. மகாசேனன் என்ற அரசன் தேவர்களின் கோயில்களை அழித்து விகாரைகள் கட்டினான், அவற்றில் ஒன்று கோகண்ண விகாரை என்கிறது. அதன் உரை, அழிக்கப்பட்டவை சிவலிங்கக் கோயில்கள் என்றே விளக்குகிறது. சிங்கள பௌத்தத் தரப்பு இதை வைத்து "இங்கே விகாரை இருந்தது" என்கிறது. தமிழ்ச் சைவத் தரப்பு அதே வரியை வைத்து "அதற்கும் முன்னே கோயில் இருந்தது" என்கிறது. கோட்டைக்குள் இன்று ஒரு விகாரையும் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் கடலைத் தாண்டாமலேயே இந்தத் தலத்துக்குப் பதிகம் பாடினார். தேவாரம் பெற்ற ஈழத்துத் தலங்கள் இரண்டுதான், இதுவும் மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீச்சரமும்.

எல்லாரும் ஏன் இந்த ஒரு மலைக்கே வந்தார்கள்? சாமி ஒரு காரணம், சரி. மீதிக் காரணம் மலைக்குக் கீழே இருக்கிறது.

நம்ம கரையை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து கோடியக்கரைவரை மணல், நேர்கோடு. பெரிய கப்பல் ஒதுங்க ஒரு மடிப்பு கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் புயல் வந்தால், பாய்மரக் கப்பலுக்கு நடுக்கடலுக்கு ஓடுவதைத் தவிர வழியில்லை. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். அடுத்த மாசமே ஒரு புயல் அவர்களுடைய கப்பல்களைச் சென்னைக் கரையிலேயே நொறுக்கிப்போட்டது. ஆங்கிலேயக் கப்பற்படை அந்த மாதங்களில் இந்தியாவைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போய்விடும். திரும்பி வருவதற்குள் இங்கே என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். ஆனால் கடலைக் கொஞ்சம் தாண்டினால் திருகோணமலை. ஆழமான உள்துறைமுகம், மூன்று பக்கமும் குன்று, எந்தக் காற்றுக்கும் அசையாத தண்ணீர். அதாவது, சோழமண்டலக் கரையை ஆள நினைத்தவனுக்குத் திருகோணமலை வேண்டும். திருகோணமலை வேண்டுமென்றால், கடலுக்குள் மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த மலை வேண்டும். மலைமேல் கோயில் இருந்தது.

இந்தப் புயல் கணக்கு தனி மனிதர்களின் வாழ்க்கையையும் புரட்டியிருக்கிறது. 1659 நவம்பரில் சோழமண்டலக் கரைப் புயலில் பாய்மரம் போன ஒரு ஆங்கிலக் கப்பல், அதைச் சரிபண்ணத் திருகோணமலைக்கு எதிர்க்கரையான கொட்டியாரத்துக்கு வந்தது. கரையிறங்கிய கப்டனையும் அவர் மகனையும் கண்டி அரசனின் ஆட்கள் 1660இல் பிடித்துக்கொண்டு போனார்கள். மகன் ராபர்ட் நாக்ஸ் தப்பி வர 19 வருஷத்துக்கு மேல் ஆனது. 1681இல் அவர் எழுதிய புத்தகம்தான் கண்டி ராஜ்ஜியத்தை ஐரோப்பாவுக்குக் காட்டியது.

ஐரோப்பியர்களில் இங்கே முதலில் கோட்டை வேலை தொடங்கியவர்கள் போர்த்துக்கீசியர் இல்லை, டேனிஷ்காரர்கள். தரங்கம்பாடிக்குப் போயிருக்கிறீர்களா? கடற்கரையில் மஞ்சளாக நிற்கும் டேனிஷ் கோட்டை? அதைக் கட்டிய அதே பயணம்தான். ஓவ் கெட்டே தலைமையில் வந்த கப்பல்கள் 1620இல் கண்டி அரசனோடு பேசி, திருகோணமலையில் வேலை ஆரம்பித்தன. ஆனால் முடிக்கவில்லை. அதே வருஷம் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் உட்கார்ந்துகொண்டார்கள். போர்த்துக்கீசியருக்கு இது எச்சரிக்கை மணி. நாம் பிடிக்காவிட்டால் இன்னொருத்தன் பிடிப்பான்.

அடுத்து நடந்ததுதான் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கதை. போர்த்துக்கீசியத் தளபதி கொன்ஸ்தந்தீனு த ஸா. சித்திரைப் புத்தாண்டு, சாமி ஊர்வலம் போயிருந்த நேரம், பிராமணர் வேஷத்தில் வீரர்கள் கோயிலுக்குள் நுழைந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. 1622 என்று பொதுவாகச் சொல்வார்கள், 1624 என்று எழுதியவர்களும் உண்டு. மலையில் ஒன்றல்ல, மூன்று கோயில்கள் இருந்தன என்று போர்த்துக்கீசியப் பாதிரியார் கெய்ரோஸ் அதே நூற்றாண்டில் எழுதிவைத்தார். ஏறும் இடத்தில் ஒன்று, நடுவழியில் ஒன்று, உச்சியில் எல்லாவற்றிலும் பெரியது. மூன்றும் போயின. கற்கள் மட்டும் மலையைவிட்டுப் போகவில்லை. மலைக்கும் ஊருக்கும் நடுவிலுள்ள குறுகிய கழுத்தை அடைத்து, அந்தக் கற்களாலேயே கோட்டை எழுந்தது.

இங்கே நின்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது எனக்கு. கோயிலை இடித்தார்கள் என்று படிக்கும்போது மனசில் வருவது வெறி, மதம், தீ. அது இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் கட்டுமான வேலையாகப் பார்த்தால் அதில் ஒரு குரூரமான சிக்கனமும் இருக்கிறது. செதுக்கித் தயாராக இருக்கும் கருங்கல், அதுவும் மலைமேலேயே. கீழே உருட்டினால் போதும். சிற்பமா, கல்வெட்டா, தூணா என்று பார்க்க அவசியமில்லை, அளவு சரியாக இருந்தால் மதிலுக்குள் போகும். மீன் செதுக்கிய கல் நிலைக்கு அளவாக இருந்திருக்கும். வீரபாண்டியன் முத்திரை தப்பிப் பிழைத்தது இப்படித்தான். மரியாதையால் இல்லை, நீள அகலத்தால்.

அந்த மீனோடு சேர்ந்து தேய்ந்துபோன சில தமிழ் எழுத்துகளும் உண்டு. இதை வைத்து ஒரு தீர்க்கதரிசன வெண்பா கிழக்கில் வழங்கிவருகிறது. குளக்கோட்டன் கட்டிய திருப்பணியைப் பிற்காலத்தில் பறங்கி உடைப்பான், அவனுக்குப் பிறகு கண்ணின் நிறத்தால் அடையாளம் சொல்லப்படும் இன்னும் சிலர் வந்து போவார்கள் என்பது அதன் சாரம். பூனையின் கண் யாருக்கு, சிவந்த கண் யாருக்கு என்று ஆளாளுக்குப் பட்டியல் போடுகிறார்கள். ஒருவருக்குப் பூனைக்கண் டச்சுக்காரர், இன்னொருவருக்கு ஆங்கிலேயர். கல்லில் இன்றைக்குப் படிக்க முடிவது சில துண்டுகள்தான், மீதியை நிரப்பியது ஜனங்களின் ஞாபகம். எனக்கு அது தீர்க்கதரிசனமாகப் படவில்லை. நடந்து முடிந்த ஒன்றைத் தாங்கிக்கொள்ள, இது முன்பே எழுதப்பட்டதுதான் என்று சொல்லிக்கொள்வது இருக்கே, அந்த மாதிரிப் படுகிறது. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பாட்டிகள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள்.

கோட்டையின் பிற்கால வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது ஒரே சம்பவத்தின் மறு ஒளிபரப்பு. 1639இல் டச்சுக்காரர்கள் கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கனோடு சேர்ந்து பிடித்தார்கள். கொஞ்ச காலம் கைவிட்டு, 1660களில் திரும்பி வந்து பலமாகக் கட்டினார்கள். 1672இல் பிரெஞ்சுப் படை ஒன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. 1782 மட்டும் ஒரு சினிமா. ஜனவரியில் ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சு அட்மிரல் சூஃப்ரேன் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். செப்டம்பர் 3ஆம் தேதி வெளிக்கடலில் ரெண்டு கப்பற்படையும் மோதின. ஒரே வருஷத்தில் மூன்று கொடி. அந்தச் சண்டை நடந்ததே கடலூருக்காகவும் சென்னைக்காகவும்தான். சமாதானம் ஆனதும் கோட்டை மறுபடி டச்சுக்காரருக்கே போனது. 1795 ஆகஸ்டில் ஆங்கிலேயர் கடைசியாகப் பிடித்தார்கள், பிறகு விடவேயில்லை. 1803இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மகன் பேரைக் கோட்டைக்கு வைத்தார்கள். ஃபிரெட்ரிக், யார்க் கோமகன்.

உச்சிப் பாறையில் ஒரு தனித்தூண் இருக்கிறது. கோயில் தூண்தான், ஆனால் எழுத்து டச்சு. 1687 ஏப்ரல் 24 என்று தேதி. ஃபிரான்சினா வான் ரீட் என்ற பெண்ணின் பேர். காதலன் கப்பலேறிப் போய்விட, இந்த இடத்திலிருந்து கடலில் குதித்து இறந்தாள் என்று வழிகாட்டிகள் கதை சொல்கிறார்கள். எங்களிடமும் ஒருவர் சொன்னார், தோழி கண் கலங்கினாள். பாவம். ஃபிரான்சினா அதற்குப் பிறகும் உயிரோடு இருந்து கல்யாணம் கட்டிக்கொண்டவர். அவரை வளர்த்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட், கேரளத்துச் செடிகொடிகளைப் பற்றிய 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற 12 தொகுதிப் பெருநூலை உண்டாக்கிய அதே டச்சு அதிகாரி. உடைந்த கோயிலின் தூணில் ஒரு அதிகாரி வீட்டுப் பெண்ணின் பேரைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்கு ஒரு காதல் கதையும் கிடைத்துவிட்டது. அந்தத் தூண் எந்த மண்டபத்தில் நின்றது என்று யாரும் கேட்பதில்லை, நாங்களும் கேட்கவில்லை.

என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது வேறு. 1620களில் கோயில் போனது. 1963இல்தான் இப்போதைய கோயில். நடுவில் 340 வருஷம். அவ்வளவு காலம் இந்த ஊர்ச் சனங்கள் என்ன பண்ணார்கள்?

சில விக்கிரகங்களை எடுத்துக்கொண்டு போய் ஒளித்தார்கள். மேற்கே வயல்கள் நடுவில் தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோயில் உண்டானது இந்த வழியில்தான். அது ஒரு பதில். இன்னொரு பதில், மலைக்கே திரும்பத் திரும்ப வந்தார்கள் என்பது. கட்டடம் இல்லை, லிங்கம் இல்லை, விளிம்பும் கடலும் மட்டும். 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த ஆங்கிலப் பயணிகள் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். சாயங்காலம் பூசகர் பாறை விளிம்பில் நிற்பார், பின்னால் சனம் நிற்கும். பூவும் பழமும் தேங்காயும் கடலுக்குள் போகும். கற்பூரம் காட்டுவார். அவ்வளவுதான் பூசை. கோயில் கடலுக்குள் விழுந்திருக்கிறது, சாமி அங்கேதான் இருக்கிறார் என்பது நம்பிக்கை.

யோசித்துப் பாருங்கள். பட்டாளம் இருக்கும் கோட்டை. தங்கள் கோயிலின் கல்லால் கட்டிய வாசல். அதற்குள்ளால், காவல்காரன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நடந்து போய், ஒன்றுமில்லாத இடத்தில் நின்று கும்பிட்டுவிட்டு, அதே வாசல் வழியாக வீட்டுக்குப் போவது. ஒருநாள் ரெண்டு நாள் இல்லை, பத்துப் பன்னிரண்டு தலைமுறை. போர்வீரர்களுக்கும் தளபதிகளுக்கும் பக்கம் பக்கமாக எழுதிய நூல்களில் இவர்களுக்குக் கிடைத்தது ஒரு பயணியின் ஓரிரு பத்திகள். ஒருத்தர் பேர்கூடத் தெரியாது. 1963இல் எழும்பிய கோயிலைப் "புதுசு" என்று நாங்கள் ஏமாந்துபோனது ஞாபகம் வந்து கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

நம்பிக்கை சொன்னமாதிரியே கல் திரும்பி வந்ததும் நடந்தது. 1950இல் கிணறு தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர் உள்ளிட்ட வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன. 1956இல் மைக் வில்சன் என்ற நீர்மூழ்கிப் படப்பிடிப்பாளர் பாறையடிக் கடலில் கோயில் தூண்களையும் ஒரு லிங்கத்தையும் கண்டார். கூட்டாளி யார் தெரியுமா? அறிவியல் புனைகதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க். விண்வெளிக் கதை எழுதிய மனிதர் 1957இல் வெளியிட்ட 'தி ரீஃப்ஸ் ஆஃப் டப்ரபேன்' என்ற புத்தகத்தில், கடலடியில் பார்த்த இந்தக் கோயில் கற்களைப் பற்றி எழுதினார். 19ஆம் நூற்றாண்டுப் பூசகர் பூப்போட்ட திசையில்தான் லிங்கம் கிடந்தது.

துறைமுகம் மட்டும் அமைதியாகவில்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டு போட்டுத் தாக்கின. சுதந்திரம் கிடைத்த பிறகும் பிரிட்டிஷ் கடற்படை 1957 வரைக்கும் இங்கேதான் இருந்தது. அவர்கள் கப்பல்களுக்காகச் சீனன்குடாக் காட்டுக்குள் கட்டிய எண்ணெய்த் தொட்டிகள் 99 இன்னும் நிற்கின்றன. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தக் கடிதங்களிலேயே அந்தத் தொட்டிகள் பற்றிய பேச்சு உண்டு. 2022 ஜனவரியில் கையெழுத்தான ஏற்பாட்டின்படி 14 தொட்டி இந்தியன் ஆயில் துணை நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு. பாய்மரம் போய் எண்ணெய் வந்தது. யார் கையில் திருகோணமலை என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. இந்தத் தடவை கேட்பவர்களில் நம்ம நாடும் உண்டு. மீன் ஞாபகம் வந்தது.

கோட்டை இன்றும் ராணுவ முகாம்தான். யுத்த காலத்தில் அடையாள அட்டையைக் குடுத்திட்டுத்தான் மேல போவம் என்றார் ஓட்டுநர். வாசலுக்கு வெளியே கொஞ்ச தூரத்தில் கடற்கரை, காந்தி சிலை, மாலையில் ஐஸ்கிரீம் வண்டிகள். அங்கேதான் 2006 ஜனவரி 2 அன்று ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். சுமார் இருபது வயசு. குற்றம் சாட்டப்பட்ட பாதுகாப்புப் படையினர் 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். ஓட்டுநர் அந்த இடத்தைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தார், ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கோயிலைச் சுற்றியுள்ள நிலம் யாருடையது, தொல்லியல் துறையின் எல்லை எதுவரை என்ற வாக்குவாதமும் ஓய்ந்தபாடில்லை. மகாவம்சத்தின் ஒரு வரியையும் வாசலிலுள்ள ஒரு கல்லையும் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வருகிறார்கள். அந்த வாதத்தில் என் பக்கம் எது என்று எனக்குத் தெரியும். ஆனால் குடுமியான்மலையைப் படித்த பிறகு, முன்புபோல அவ்வளவு சத்தமாக அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஊர் திரும்பும் நாள் காலையில் நடந்தே வாசலுக்குப் போனோம். மான்கள் ரோட்டில் நின்றன. இந்தத் தடவை அவற்றைப் பார்க்கவில்லை. நிலைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று தேடினோம். தேய்ந்திருந்தது. வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் கோடு பிடிபட்டது: ஒரு மீன், பக்கத்தில் இன்னொன்று. குடுமியான்மலைக்கு ஒரு நாள் போகணும் என்றாள் தோழி. நான் விரலால் காற்றில் மீனின் வடிவத்தை வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன்.

காவலுக்கு நின்ற பையன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்க வயசுதான் இருக்கும். கிட்டே வந்து, என் விரல் காட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தான்.

"மாளு?" என்றான். மீனுக்குச் சிங்களத்தில் அதுதான் பேர்.

தலையாட்டினோம். "மீன்" என்றாள் தோழி. அவன் திரும்பவும் குனிந்து, இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். பின்னால் யாத்திரைக்காரர்களின் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. அவன் நிமிர்ந்து தன் இடத்துக்குப் போய், கையைக் காட்டி அதை உள்ளே விட்டான்.